இடது பூட்டியாச்சு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விலை பேசி முடித்த ஒருவர் வந்து எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இரண்டு பேர்: நானும், என் மனைவியின் தம்பியும். மச்சான் போட்டுவிட்டான். நான் இன்னும் போடவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நானும் அவனும் போய்ச் சேராமல் விட்ட ஏரிவரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சனிக்கிழமை விடிந்ததும் சாவியை எடுத்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"தனியாவா?"

"பின்ன, பேண்டு வாத்தியத்தோடயா?"

ரொட்டியையும் அவித்த முட்டையையும் டப்பாவில் அடைத்து மேஜைமேல் தட்டென்று வைத்தாள். எதையும் தட்டென்று வைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

"நாலு மணிக்குள்ள போன் வரணும். வரலைன்னா என் தம்பிக்குச் சொல்லிடுவேன். அந்த வழி தெரிஞ்ச ஆள் அவன் ஒருத்தன்தான்."

"அவனுக்குச் சொன்னேன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேன்."

"வரமாட்டேன்னு எப்படிச் சொல்லுவீங்க? அதுக்கும் ஒரு போன் பண்ணித்தானே ஆகணும்?"

முப்பத்திரண்டு வருஷமாக இவளிடம் நான் ஒரு வாக்குவாதத்திலும் ஜெயித்ததில்லை. படியிறங்கி வந்துவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கான நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை. அதற்கு வேறொரு கம்பெனி பொறுப்பு, நான் கை வைக்கக் கூடாதாம்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தாறு. இரண்டு கதவு, துணிக்கூரை, சின்ன எஞ்சின். மேடேறும்போது அது முனகுகிற முனகலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மூச்சு வாங்கும். ஹீட்டர் வெயில் காலத்தில் மட்டும் வேலை செய்யும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். இன்றைக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று சிலர் வாங்குகிறார்களே, கூரைமேல் கூடாரம், உள்ளே குளிர்பெட்டி, முன்னால் எருமைக் கொம்பு மாதிரி ஒரு கம்பி, எல்லாம் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நிறுத்த இடம் தேடி அலைகிற வண்டிகள், அவற்றைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல் வராது, சிரிப்புத்தான் வரும். அவர்கள் கார் கழுவுகிற நேரத்தில் நானும் மச்சானும் எத்தனையோ காய்ந்த ஆறுகளையும் கைவிடப்பட்ட சுரங்கப் பாதைகளையும் பார்த்துவிட்டோம். வரைபடத்தில் ஒரு கோடு புள்ளி புள்ளியாகப் போய் நின்றுவிடுகிறதே, அந்த இடத்துக்கு மேல்தான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கும்.

பதினேழு வருஷம் அப்படிப் போனோம்.

மச்சான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அரை மயிரிழை பிசகினால் மறுபடி முதலிலிருந்து தேய்ப்பான். வண்டியில் அவன் ஒரு நோட்டு வைத்திருந்தான். தேதி, இடம், தூரம், என்ன நடந்தது, காரணம் என்று ஐந்து கட்டம் கோடு போட்டது. பஞ்சர் ஆனால்கூடக் காரணம் எழுதாமல் விடமாட்டான். "காரணம்: அத்தான் பேசிக்கொண்டே ஓட்டினார்" என்று ஒரு தடவை எழுதியிருந்தான். நான் அதை அடித்துவிட்டு "காரணம்: ஆணி" என்று எழுதினேன்.

இப்போது ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். இந்தப் பழைய வண்டிகளில் உள்ளே இருக்கும் சின்ன கியரை மாற்றினால் மட்டும் முன்சக்கரம் இழுக்காது. கீழே இறங்கிப்போய் இரண்டு முன்சக்கரங்களின் நடுவிலும் இருக்கிற ஹப்பைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். இரண்டில் ஒன்று பூட்டவில்லை என்றால் பூட்டின மற்றதும் சேர்ந்து சும்மா நிற்கும். ஹப்பில் இருந்த எழுத்தெல்லாம் என்றைக்கோ தேய்ந்துபோனதால் மச்சான் கடையிலிருந்து மெல்லிய பிரஷ் கொண்டுவந்து இரண்டிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தான். புள்ளி மேலே பார்த்தால் பூட்டியிருக்கிறது, பக்கவாட்டில் பார்த்தால் திறந்திருக்கிறது.

தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்துவோம். அவன் இடது பக்கம் இறங்குவான், நான் வலது பக்கம். குந்தி உட்கார்ந்து அவரவர் ஹப்பைத் திருப்புவோம். அவன் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டி "இடது பூட்டியாச்சு" என்பான். நானும் தட்டி "வலது பூட்டியாச்சு" என்பேன். திரும்பி வந்து தார் ரோட்டைத் தொட்டதும் அதேபோல "இடது திறந்தாச்சு", "வலது திறந்தாச்சு." அவன் பக்கத்தை நான் தொட்டதில்லை, என் பக்கத்தை அவன் தொட்டதில்லை. யாரும் வைத்த சட்டமில்லை, அப்படியே வந்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஏரிக்குப் போனபோது, நடுவில் இருக்கிற மணல் ஆற்றில் மாட்டினோம். பின்சக்கரம் இரண்டும் அச்சுவரைக்கும் புதைந்தது. மச்சான் இறங்கிப் பார்த்துவிட்டு, "அத்தான், முன்சக்கரம் சுத்தவே இல்ல" என்றான்.

"இடதைப் பூட்டினியாடா?"

"பூட்டினேனே. சொன்னேனே."

"சொன்னே. பூட்டினியா?"

நான் இறங்கிச் சுற்றிவந்தபோது இடது ஹப்பின் வெள்ளைப் புள்ளி மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது. என்னுடையதும் அப்படியே. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "இப்ப இறங்கினப்போ திருப்பி வச்சுட்டுக் கதை விடறே" என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. பொய் சொன்னதாக அவனை அதுவரை யாரும் சொன்னதில்லை. "ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துடலாம் அத்தான்" என்றான் மெதுவாக. "என் வண்டில எதைப் பிரிக்கணும்னு எனக்குத் தெரியும். கண்ணாடி துடைக்கிற கைக்கு இரும்பைப் பத்தி என்னடா தெரியும்?" என்றேன். என் வண்டி. பாதி அவனுடையது என்பதுகூட எனக்கு அப்போது மறந்துபோயிற்று.

எங்கிருந்தோ ஒரு டிராக்டர் வந்து இழுத்துப் போட்டது. தார் ரோட்டில் அவன் இறங்கி இடது ஹப்பைத் திறந்தான், பானெட்டைத் தட்டவில்லை. அன்றைக்குக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு விசேஷங்களில் அவன் வருகிற நேரம் பார்த்து நான் போகமாட்டேன், நான் போகிற நேரம் பார்த்து அவன் வரமாட்டான். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி ஆயிட்டேன்" என்று என் மனைவி புலம்புவாள். கடைசியாக அவள் கொண்டுவந்த தபால், "வண்டியை வித்துடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்றான்."

சரி, விற்றுவிடுவோம் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு வருஷத்தில் நாலைந்து தடவைதான் வண்டியை எடுத்தேன். எல்லாம் சின்னக் குழந்தை சைக்கிள் விடுகிற மாதிரியான மண் ரோடு. நாலு சக்கரம் தேவைப்படுகிற இடத்தில் தனியாக இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஏரியைப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்தால், கடைசியாக அது உருப்படியாகப் போன இடம் அந்தச் சண்டை நடந்த இடம் என்று ஆகிவிடும். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தார் ரோடு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஒரு சிமெண்டு பெஞ்சு, கிழிந்த நேர அட்டவணை, அவ்வளவுதான். செல்போனில் கடைசிக் கோடு காட்டுகிற இடமும் அதுதான். வண்டியை நிறுத்தி வலது ஹப்பைத் திருப்பினேன். பழக்கதோஷத்தில் பானெட்டைத் தட்டி "வலது பூட்டியாச்சு" என்றேன். காற்றுகூட அசையவில்லை. அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்லப்போகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு சுற்றிப்போய் இடது ஹப்பைத் திருப்பினேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதைத் தொடுகிறேன். சுலபமாகத் திரும்பியது. "இடது பூட்டியாச்சு" என்று நானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

மணலில் புதையாமல் இருக்க டயர்களில் காற்றைக் குறைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். இடதுபக்க இருக்கையில் சாப்பாட்டு டப்பாவுக்கு நான் பெல்ட் மாட்டிவிட்டிருந்தேன்.

மணல் ஆறு வரைக்கும் இருபத்துமூன்று கிலோமீட்டர். அடிவாரக் கற்களைத் தாண்டி, முள்காட்டுக்கு நடுவே, ஒரு காலத்தில் யாரோ கல் ஏற்றிப்போன பாதை. மனித நடமாட்டம் கிடையாது. ஒரு நரி நின்று என்னைப் பார்த்துவிட்டு, இவனா என்பதுபோல் போய்விட்டது. பார்த்தாயாடா என்று இடதுபக்கம் திரும்பினேன். முட்டைடப்பா பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பதரை மணிக்கு ஆற்றில் இறங்கினேன். சின்ன கியரைப் போட்டு, நிதானமாக, நிறுத்தாமல். பாதி தூரம் அருமையாகப் போயிற்று. அதற்கப்புறம் வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. பின்பக்கம் இறங்கியது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், மிதிக்கக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிறவன். இன்னும் இறங்கியது.

அதே ஆறு. ஏறக்குறைய அதே இடம்.

மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். பின்சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்தேன். பலகையைப் பின்னால் துப்பிவிட்டு வண்டி மறுபடி உட்கார்ந்தது. மூன்று தடவை தோண்டினேன், மூன்று தடவையும் மண்ணைக் கவ்வினேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் போதுமான அளவுக்கு இருந்தது, உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் நாலு மணிக்கு என் மனைவி போனை எடுப்பாள். மச்சான் வந்து கரையில் நின்று, மணலில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பான். ஒன்றும் சொல்லமாட்டான், அவன் சொல்கிற ஆள் இல்லை. அந்தச் சொல்லாததை நினைத்தபோதுதான் எனக்கு வியர்த்தது. அதற்கு அந்த நரியே வந்து என்னைத் தின்றுவிடலாம்.

முன்சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒருவன் கிளட்சை விடுவான், ஒருவன் பார்ப்பான். தனி ஆளுக்கு அது முடியாது. முன்டயர் இரண்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஏறி, கிளட்சை விட்டு, எஞ்சினை அணைத்து, இறங்கிவந்து பார்த்தேன். இரண்டு கோடும் போட்ட இடத்திலேயே இருந்தன.

புள்ளிகளைப் பார்த்தேன். இடது மேலே. வலது மேலே. இரண்டையும் என் கையாலேயே பூட்டியிருக்கிறேன். இதில் மச்சானைத் திட்ட வழியில்லை. வழி இருந்திருந்தால் திட்டியிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகைமேல் ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைத் தூக்கினேன். கையால் சுற்றினால் கனமாகச் சுற்றியது, உள்ளே இருக்கிற தண்டையும் இழுத்துக்கொண்டு கரகரவென்று. ஹப் பிடித்திருக்கிறது, சந்தேகமே இல்லை. இறக்கிவிட்டு வலதைத் தூக்கினேன். ஒரு விரலால் தள்ளினேன். கவிழ்த்துவைத்த சைக்கிளின் சக்கரம்போல அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தமே இல்லை. அது நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வலது. என் பக்கம்.

ஸ்பேனரை எடுத்து ஆறு போல்ட்டையும் கழற்றினேன். மூடி கையோடு வந்தது. உள்ளே ஹப் தெரியவில்லை, கிரீஸ்தான் தெரிந்தது. இண்டு இடுக்கு விடாமல் அடைத்து, இரண்டு வருஷத்தில் கெட்டிப்பட்டு, பழைய மெழுகு மாதிரி. வெளியே புள்ளி திரும்பும்போது உள்ளே ஒரு வளையம் நகர்ந்து பல்லைக் கவ்வ வேண்டும். நகர அதற்கு இடமே இல்லை, வெளியே புள்ளி மட்டும் திரும்பியிருக்கிறது.

அந்த கிரீஸை நான் மறந்திருக்கவில்லை. அந்தக் கடைசிப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து நானே அடைத்தேன். வேலைக்கு வைத்திருந்த லிஃப்ட் கிரீஸ், கம்பிவடத்துக்குப் போடுகிற கெட்டி ரகம், இருந்த டப்பாவில் பாதி. மச்சான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், லேசாப் பூசினாப் போதும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவன் எத்தனை லிஃப்ட் பார்த்திருப்பான்? கிரீஸ் விஷயத்துல எனக்கு ஒருத்தன் சொல்லணுமா? என் பக்கம் இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலையில்ல. உன் பக்கத்தை நீ பார்த்துக்கோ."

அவன் அவனுடைய பக்கத்தில் லேசாகப் பூசினான்.

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கையில் அந்த மூடி இருந்தது. யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அந்த ஆற்றில் திட்டக்கூட ஆளில்லை. கத்திப் பார்த்தேன், என் பெயரைச் சொல்லி, மச்சானைத் திட்டின அதே வார்த்தைகளில். எதிர்க்கரையிலிருந்து ஒரு பறவை கிளம்பிப் போயிற்று. இரண்டு வருஷம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை. அவன் கையின்மேல் நான் போட்ட பழி என் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, பனியனில் துடைத்தும் போகவில்லை.

உபரி கேனிலிருந்து பெட்ரோலை ஊற்றி ஒவ்வொரு பல்லாகக் கழுவினேன். துடைக்கத் துணி போதாமல் பனியனைக் கழற்றி அதனாலேயே துடைத்தேன். லேசாக, விரல்நுனியால், புத்தகத்தில் போட்டபடி, கொஞ்சம் பூசினேன். மூடியைப் போட்டு முடுக்கிப் புள்ளியை மேலே திருப்பினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பதினேழு வருஷமும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கடைசித் தடவை கேட்கவில்லை என்பதைக் கவனிக்காமல்தான் பானெட்டைத் தட்டியிருக்கிறேன்.

ஸ்பேனரை வைக்க டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தபோது நோட்டு இருந்தது. இரண்டு வருஷமாக அதைத் திறக்கவில்லை. கடைசி வரி, டிராக்டர் வந்த நாள். டிராக்டர் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கல்மேல் உட்கார்ந்து எழுதியது நினைவிருக்கிறது. தேதி, இடம், தூரம். "மணலில் மாட்டினோம். முன்சக்கரம் இழுக்கவில்லை." காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் எதையோ எழுதி ரப்பரால் அழித்திருந்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிக்க முடிந்தது. "இடது ஹப்?" அதன்மேல் பேனாவால், "தெரியவில்லை."

அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது ஆள், பனியன்கூட இல்லாமல், ஆற்று நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

"தெரியவில்லை" என்பதைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: "வலது ஹப்பில் அளவுக்கு மீறி கிரீஸ். அடைத்தது நான்." கையெழுத்தும் போட்டேன்.

வண்டியைக் கிளப்பி கிளட்சை விட்டேன். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. என்னமோ சாயங்கால நடைக்குக் கிளம்புவதுபோல மணலைவிட்டு எழுந்து வந்தது. மணி ஒன்றேகால். எதிர்க்கரை அறுபதடி தூரத்தில் இருந்தது. அதற்கப்பால் ஆறு கிலோமீட்டரில் ஏரி. நேரம் இருந்தது. போய், பார்த்து, முட்டையைச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். இரண்டு வருஷமாக ஆசைப்பட்ட ஏரி.

ஸ்டியரிங்கை ஒடித்து வந்த வழியே திருப்பினேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டேமுக்கால். போனில் ஒரு கோடு வந்தது. அவன் எண்ணை நான் அழித்துவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அழிக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அத்தான்?" குரலில் பயம் இருந்தது. "அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா." வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அத்தனை வாக்கியமும் காலை வாரிவிட்டது.

"அத்தான், எங்க இருக்கீங்க?"

"வலது பூட்டலடா."

"என்னது?"

"அன்னிக்கு. என் பக்கம்தான் பூட்டல. கிரீஸ் இறுகிப்போய் உள்ள நகரவே இல்ல. இன்னிக்குப் பிரிச்சுப் பார்த்தேன். நீ சரியாத்தான் பூட்டியிருந்தே. நான்தான்டா." மூச்சு விட்டேன். "நான் பேசினது ரொம்பத் தப்பு."

அந்தப் பக்கம் கடையின் தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கிற சத்தம் கேட்டது. யாரிடமோ "ஒரு நிமிஷம்" என்றான். கதவு திறந்து மூடியது. தெருச் சத்தம் வந்தது.

"நிஜமாவா அத்தான்?"

"நிஜமா."

"ஏன்னா..." நிறுத்தினான். "நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை சொன்னேனே தவிர பூட்டலையோன்னு. யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன், கை திருப்பினது ஞாபகம் வரும், அப்புறம் அது முந்தின தடவையோன்னு தோணும். கடையில இப்பல்லாம் ஒவ்வொரு கண்ணாடியையும் மூணு தடவை எடுத்துப் பார்க்கறேன். முதலாளி கேலி பண்றார். வீட்டைப் பூட்டிட்டுப் பாதி தெருவுலேர்ந்து திரும்பிப் போறேன்." சிரிக்கப் பார்த்தான். "கை மேல நம்பிக்கையே போயிடுச்சு அத்தான். அதான் வண்டியே வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்."

அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"உன் கைக்கு ஒண்ணுமில்லடா," என்றேன். "இன்னிக்கு நான் தூக்கிச் சுத்திப் பார்த்தேன். உன் பக்கம் கல்லு மாதிரிப் பிடிச்சிருந்தது. லேசாப் பூசினாப் போதும்னு சொன்னே பாரு, அதேதான்."

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் உறிஞ்சினேன்.

"இப்ப எங்க நிக்கறீங்க?"

"தார் ரோட்டு முனைல. பஸ் நிக்கற இடத்துல."

"ரெண்டையும் திறந்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"இடதைத் தொடாதீங்க," என்றான். "மூணு மணிக்கு இங்கேர்ந்து ஒரு பஸ் கிளம்புது. நான் வந்து திறக்கறேன்."

"திங்கட்கிழமை அந்த ஆள்..."

"அதைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாம் அத்தான்." வைத்துவிட்டான்.

அடுத்து வீட்டுக்குப் போன் செய்தேன். "உசிரோட இருக்கேன். உன் தம்பிக்கு நானே போன் பண்ணிட்டேன்" என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் எதிர்வாதம் செய்யவில்லை. "முட்டையைச் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. அவனும் வரட்டும்."

டயர்களுக்குக் காற்றடித்தேன். சாக்பீஸ் கோட்டை அழித்தேன். வலது பக்கம் குந்தி உட்கார்ந்து ஹப்பைத் திறந்து, பானெட்டைத் தட்டி, "வலது திறந்தாச்சு" என்று ஆளில்லாத ரோட்டுக்குச் சொன்னேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பஸ் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. இடது பக்கம் நான் போகவே இல்லை.